முதலில் பிளக் பாயின்ட், அப்புறம் மெஷின்

எல்லாம் ஒரு டெலஸ்கோப் ஃபோகஸரில், அதாவது கண்வில்லையை முன்னும் பின்னும் நகர்த்திக் காட்சியைத் தெளிவாக்கும் பாகத்தில், ஆரம்பித்தது. 8 மி.மீ. அலுமினியத் தகடு, நடுவில் ஒரு பெரிய துளை, சுற்றிலும் நான்கு திருகுத் துளைகள், அவ்வளவுதான். கோவையில் இதற்குப் பட்டறைக்கா பஞ்சம்? ஆனால் ஒரே ஒரு பீஸுக்காகப் போய் நின்றால், ஓடுகிற வேலையை நிறுத்தி யார் செட்டிங் போடுவார்கள்? கணபதியில் தெரிந்த அண்ணன் ஒருவர் இரண்டு முறை செய்து கொடுத்தார். மூன்றாவது முறை கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது. சின்னதாக ஒரு சிஎன்சி மில் (கம்ப்யூட்டர் சொல்கிறபடி உலோகத்தை வெட்டும் மெஷின்) வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தது அப்போதுதான். ஏழு மாதம் ஆகிறது.

முதல் இரண்டு மாதம் மெஷின்களின் விலையைப் பார்ப்பதிலேயே போனது. பார்த்திருக்க வேண்டியது கார் ஷெட்டுச் சுவரில் இருந்த பிளக் பாயின்ட்டை. வாஷிங் மெஷினுக்காக எப்போதோ போட்ட 16 ஆம்பியர் பாயின்ட். போர் மோட்டாரும் அதே லைனில்தான் ஓடுகிறது.

முதலில் மனம் போனது ஒரு பழைய மெஷினிடம். கல்லூரி ஒன்றில் மாணவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வைத்திருந்த குட்டி மில், ஏலத்தில் எடுத்தவர் 90,000 ரூபாய் சொன்னார். வார்ப்பிரும்பு உடம்பு, தட்டினால் மணி மாதிரிக் கேட்காது, 'தொம்' என்று அடங்கிவிடும். அதிலேயே பாதி விழுந்துவிட்டேன். பட்டறை அண்ணனையும் கூட்டிப்போனேன். அவர் மெஷினைத் தொடவேயில்லை. குனிந்து மோட்டாரின் நேம் பிளேட்டைத் துடைத்துப் படித்தார். "415 வோல்ட், ஸ்டார். உங்க வீட்டுல மூணு ஃபேஸ் இருக்குங்களா தம்பி?" என்றார். இல்லை.

நான் விடவில்லை. ஒற்றை ஃபேஸை உள்ளே வாங்கி மூன்று ஃபேஸாக வெளியே கொடுக்கும் விஎஃப்டி (மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி) இருக்கிறதே என்றேன். இருக்கிறது, ஆனால் அது மாயக்காரன் இல்லை. 230 வோல்ட்டை உள்ளே வாங்கி டிசி ஆக்கினால் கிடைப்பது சுமார் 325 வோல்ட். அதிலிருந்து திரும்ப ஏசி செய்தால் அதிகபட்சம் 230தான் வரும், 415 வராது. நேம் பிளேட்டில் 230/415 என்று இரண்டும் போட்டிருந்தால் ஸ்டார் இணைப்பைக் கழற்றி, குறைந்த வோல்ட்டுக்கான டெல்டா இணைப்பாக மாற்றிக் கட்டி ஓட்டலாம். இதில் 415 மட்டும்தான். ஸ்டார் முடிச்சு வைண்டிங்குக்குள்ளேயே கட்டப்பட்டிருந்தது. மோட்டாரை மாற்று, டிரைவை மாற்று, இல்லையென்றால் வீட்டுக்கு மூன்று ஃபேஸ் இணைப்பு வாங்கு. எந்த வழியில் போனாலும் 90,000 என்பது முன்பணம் மாதிரிதான். நண்பர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த 110 வோல்ட் மில்லைத் தருவதாகச் சொன்னார். தலையணை கனத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும் என்றதும் அதையும் கைவிட்டேன்.

அப்புறம் கேள்வியைத் திருப்பிப் போட்டேன். எந்த மெஷின் நல்லது என்பதை விட்டுவிட்டு, என் சுவர் எவ்வளவு தாங்கும் என்று கேட்டேன். கட்டரைச் சுழற்றும் மோட்டாருக்கு ஸ்பிண்டில் என்று பெயர். கடைக்காரர்கள் எல்லோரும் 2.2 கிலோவாட் ஸ்பிண்டிலையே தள்ளினார்கள். கொஞ்சம் அதிகம் கொடுத்தால் போதும் என்பது அவர்கள் கணக்கு. 2.2 கிலோவாட்டை 230ஆல் வகுத்தால் 10 ஆம்பியருக்குக் கீழே வருகிறது, 16 ஆம்பியர் பிளக்குக்குத் தாராளம் என்றுதான் நானும் நினைத்தேன். அந்த ஸ்பிண்டிலை ஓட்டும் விஎஃப்டியின் கையேட்டில் உள்ளீட்டுக் கரண்ட்டைத் தேடிப் படித்தபோது 24 ஆம்பியர் என்று இருந்தது. ஒற்றை ஃபேஸில் ஓடும் விஎஃப்டி கரண்ட்டைச் சீராக இழுக்காது. ஒவ்வொரு அலையின் உச்சியிலும் கபாசிட்டரை நிரப்பிக்கொள்ள ஒரு வாய் பெரிதாக இழுக்கும். ஒயருக்குச் சூடேற்றுவது அந்த இழுப்புதான். 1.5 கிலோவாட்டுக்கு 15 ஆம்பியர் போட்டிருந்தது. 6 மி.மீ. கட்டரில் அலுமினியம் வெட்ட அதுவே அதிகம். 1.5 என்று முடிவானது. இதில் கட்டரைக் கவ்விப் பிடிக்கும் கோலெட் ஈஆர்11 அளவு, 7 மி.மீ.க்கு மேல் கட்டர் பிடிக்காது. பெரிய கட்டர் மாட்டலாமா என்று யோசிக்கவும் வழியில்லை, நல்லதுதான்.

எலக்ட்ரீஷியன் வந்தார். மெயினிலிருந்து தனி லைன், 4 சதுர மி.மீ. ஒயர், 20 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்). நான் கையில் வைத்திருந்தது பி வகை. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு சி வகை வாங்கிவரச் சொன்னார். சுவிட்ச் போட்ட நொடியில் கபாசிட்டர்கள் காலியாக இருக்கும், அந்த முதல் இழுப்பிலேயே பி வகை விழுந்துவிடும் என்றார். போகும்போது, "எர்த்தையும் ஒரு தடவ பாத்துருவோமுங்க" என்று மெயினிலேயே 100 வாட் குண்டு பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பிடித்தார். பல்பு உள்ளே ஒரு சிவப்புக் கம்பி மட்டும் தெரிகிற அளவுக்கு மினுக்கியது. நல்ல எர்த் என்றால் பளிச்சென்று எரிய வேண்டும். 18 வருஷமாக எர்த் இருக்கிறது என்று நம்பித்தான் ஃபிரிட்ஜைத் தொட்டுக்கொண்டிருந்தோம். தோட்டத்தில் புதுக் குழி, குழாய், கரி, உப்பு. லைனும் எர்த்தும் சேர்த்து 11,500 ரூபாய். இந்த வேலையில் கொஞ்சமும் வருத்தப்படாமல் கொடுத்த ஒரே பணம் இதுதான்.

மெஷினைச் சட்டகம், ஸ்க்ரூ, மோட்டார் எல்லாம் சேர்ந்த கிட்டாக வாங்கி நானே கோர்த்தேன். அச்சுகளை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டார்களுக்கு எஸ்எம்பிஎஸ் (வீட்டு ஏசியை டிசி ஆக்கித் தரும் பெட்டி) தேர்ந்தெடுக்கும்போது 48 வோல்ட்டா 36 வோல்ட்டா என்று ஒரு வாரம் குழம்பினேன். ஸ்டெப்பரை ஓட்டும் டிரைவர் போர்டின் உச்ச வரம்பு 50 வோல்ட். வேகமாக ஓடும் அச்சு திடீரென்று நின்றால் மோட்டாரே ஜெனரேட்டராகி வோல்ட்டைத் திருப்பி அனுப்பும். 48ல் வைத்தால் மிச்சம் 2 வோல்ட்தான். மோட்டாரின் இண்டக்டன்ஸ் மில்லிஹென்றியில் எவ்வளவோ, அதன் வர்க்கமூலத்தை 32ஆல் பெருக்கு என்று ஒரு கைக்கணக்கு உண்டு. என்னுடையது 1.2. கணக்கு 35 சொன்னது. 36 வோல்ட், 10 ஆம்பியர் வாங்கினேன்.

வாங்கியதைக் கொன்றதும் நான்தான். அதன் பக்கவாட்டில் ஒரு சின்ன ஓட்டைக்குள் சிவப்பு சுவிட்ச் ஒன்று இருக்கிறது, 115/230 என்று. வந்தது 115ல். அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து, ஒயர் முடுக்கி, டெர்மினல் மூடியைக்கூடப் போட்டுவிட்டு சுவிட்சைத் தட்டினேன். பச்சை விளக்கு ஒரு கணம் எரிந்தது. அடுத்து ஊசிப் பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம், பிறகு மீன் கருகியது போல ஒரு வாடை. அம்மா உள்ளேயிருந்து, "என்னடா அது?" என்றார். "ஒண்ணுமில்லம்மா" என்றேன். 1,800 ரூபாய். இரண்டாவது எஸ்எம்பிஎஸ் வந்ததும் முதல் வேலையாக ஸ்க்ரூ டிரைவரால் அந்த சுவிட்சைத் தள்ளிவிட்டு, இருமுறை டார்ச் அடித்துப் பார்த்தேன்.

இந்த அடி பட்ட பிறகு விஎஃப்டியை விஷயம் தெரிந்துகொள்ளாமல் தொடவில்லை. தொழிற்சாலையிலிருந்து வரும்போது சாதாரண 50 ஹெர்ட்ஸ் மோட்டாருக்கான அமைப்பில் வருகிறது. இந்த ஸ்பிண்டிலோ 400 ஹெர்ட்ஸில் 24,000 சுற்று ஓடுவது. அப்படியே இயக்கினால் 50 ஹெர்ட்ஸிலேயே முழு 220 வோல்ட்டையும் கொடுத்து வைண்டிங்கைப் பொசுக்கிவிடும். அடிப்படை அதிர்வெண், உச்ச அதிர்வெண் இரண்டையும் 400 ஆக்கிவிட்டுத்தான் ஓடு பட்டனை அழுத்தினேன்.

ஓடியது. மூன்றாவது நிமிடம் வீடு முழுக்க இருட்டு. மெயினில் இருந்த 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் விழும் சுவிட்ச்) விழுந்திருந்தது. மாலை நேரம், சீரியல் நேரம் வேறு. விஎஃப்டி அதிவேகமாகத் தட்டித் தட்டி மின்சாரத்தை அனுப்புவதால் மோட்டார் கேபிளின் உறை வழியாகக் கொஞ்சம் கரண்ட் எர்த்துக்குக் கசிகிறது. கேபிள் நீளமானால் கசிவும் கூடும். நான் எதற்கும் இருக்கட்டும் என்று 5 மீட்டர் விட்டிருந்தேன். 2 மீட்டராக வெட்டி, உறையை விஎஃப்டி முனையில் எர்த் செய்து, மெஷினுக்கென்று தனி ஆர்சிசிபி போட்ட பிறகு விழவில்லை. ஸ்பிண்டில் ஓடியதும் கம்ப்யூட்டரின் யுஎஸ்பி இணைப்பு அறுந்துகொண்டிருந்ததும் இதோடு நின்றது. அதற்காக மாற்றிய மூன்று யுஎஸ்பி கேபிள்களும் மேசையறையில் கிடக்கின்றன.

கணக்கு: ஆரம்பத்தில் நோட்டில் எழுதியது 1,10,000. கிட் 78,000, ஸ்பிண்டிலும் விஎஃப்டியும் 24,000, டிரைவர், எஸ்எம்பிஎஸ், கன்ட்ரோலர் 14,000, லைனும் எர்த்தும் 11,500, கருகியது 1,800. வைஸ், கோலெட், கட்டர் இதுவரை 19,000. மொத்தம் 1,48,300. 18 சதவீத ஜிஎஸ்டி இதற்குள்ளேயே இருக்கிறது. பட்டறை வைத்திருப்பவர் அதைக் கணக்கில் கழித்துக்கொள்வார், பொழுதுபோக்குக்காரனுக்கு அந்த வழி இல்லை. கடைசிக் கணக்குதான் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. ஒற்றைப் பல் கார்பைடு கட்டர் ஒன்று 600 ரூபாய், பழகும்வரை வாரத்துக்கு ஒன்று உடைந்தது. கரண்ட் பில்லைப் பற்றி அப்பா பயந்தார். மீட்டர் மாட்டிப் பார்த்தேன். ஒரு ஃபோகஸர் தகடு 41 நிமிடம், 0.3 யூனிட். வாட்டர் ஹீட்டர் பத்து நிமிடத்தில் இதைச் சாப்பிட்டுவிடும்.

கரண்ட் போனால் என்ன செய்வது என்பதில் மட்டும் கொஞ்சம் தடுமாறினேன். கன்ட்ரோலரையும் ஸ்டெப்பரையும் யுபிஎஸ்ஸில் போடலாம் என்று தோன்றியது. நல்லவேளை, போடவில்லை. ஸ்பிண்டில் நின்று அச்சுகள் மட்டும் நகர்ந்தால் கட்டர் அங்கேயே முறியும். எல்லாமே ஒன்றாக நிற்பதுதான் நல்லது. கம்ப்யூட்டருக்கு மட்டும் யுபிஎஸ். போன வாரம் பாதி வெட்டில் கரண்ட் போனது. வந்த பிறகு கட்டரைக் கையால் மேலே தூக்கி, ஹோமிங் செய்து (மெஷின் தன் மூலை நிலையைத் தானே தேடிக்கொள்வது), பழைய ஆரம்பப் புள்ளிக்குத் திரும்பி, நின்ற வரிக்குச் சற்று முன்னாலிருந்து ஓட்டினேன். தகட்டில் நகத்தால் தடவினால் தெரிகிற ஒரு கோடு, வேறொன்றுமில்லை.

ஃபோகஸரின் அடித்தகடு முடிந்துவிட்டது. பெரிய துளை 0.06 மி.மீ. நீள்வட்டமாக இருக்கிறது, ஒய் அச்சில் ஏதோ தளர்வு. வியாழக்கிழமை எங்கள் பகுதியில் மாதாந்திர பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மாலை 5 வரை மின்தடை. நட்டைக் கழற்றிப் பார்க்க அன்றைக்கு உட்காரலாம் என்றிருக்கிறேன்.