ஸ்டூல் மேல் கட்டைப்பை

போன வாரம் கல்யாணப் புடவை எடுக்க அத்தையோடு ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குப் போயிருந்தேன். மூன்று மணி நேரம். நாங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே இது வேண்டாம், அந்த அரக்கு எடுங்க, பார்டர் சின்னதா இருக்கா என்று கேட்டுக்கொண்டிருக்க, அந்தப் பெண் நின்றபடியே விரித்து, மடித்து, மறுபடி விரித்து, நடுவில் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார். கவுண்டருக்குள் எட்டிப் பார்த்தேன். ஸ்டூல் இருந்தது. அதன் மேல் கட்டைப்பைகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

"கொஞ்சம் உக்காரக் கூடாதாம்மா?" என்று அத்தை கேட்டார்.

"கேமரா இருக்கும்மா."

சட்டப்படி உட்காரலாம். 2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன் பேரவையில் மசோதா கொண்டுவந்து, 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். கேரளாவில் 2018-லேயே வந்துவிட்டது, அதுவும் சும்மா வரவில்லை, கோழிக்கோட்டில் பெண்கூட்டு அமைப்பின் கடைப் பெண்கள் வருஷக்கணக்கில் போராடி வாங்கியது. சரி, நம் பிரிவு என்ன சொல்கிறது? வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்பு வந்தால் உட்காரும்படி எல்லா ஊழியருக்கும் இருக்கை வேண்டும் என்கிறது. அந்த வாய்ப்பு வந்ததா இல்லையா என்பதை ஃப்ளோர் சூப்பர்வைசர் அல்லவா முடிவு செய்கிறார்!

பேரவையின் கேள்வி நேரத்தை அவ்வப்போது பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு (வேறு வேலை இல்லையா என்று வீட்டில் கேட்பார்கள்). பாலம் கட்ட அரசு ஆவன செய்யுமா, பஸ் ஸ்டாண்ட் கட்ட அரசு முன்வருமா. தேவையான கேள்விகள்தான், தப்புச் சொல்லவில்லை. ஆனால் 22-ஏ வந்த பிறகு எத்தனை கடைகளில் ஆய்வு நடந்தது, எத்தனை முதலாளிகள் மேல் வழக்கு, மாவட்டவாரியாகச் சொல்லுங்கள் என்று யாரும் எழுந்து கேட்டது என் காதில் விழவில்லை. டெல்லியிலும் பெரிய வித்தியாசம் இல்லை. மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20தான், அதற்குத்தான் அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் போடலாம். குறியில்லாதவை 230 வரை போகும், எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதில், அதோடு சரி. சம ஊதியம் பற்றிக் கேட்டால் இன்ன சட்டம் இருக்கிறது, இன்ன பிரிவு இருக்கிறது என்று ஒரு பட்டியல் வந்து விழும். சட்டம் இருப்பது தெரிந்துதானே அய்யா கேட்கிறார்கள்? அங்கேதான் துணைக் கேள்வி வேண்டும்: எத்தனை பேருக்கு அபராதம் போட்டீர்கள்?

2021-ல் நம் பேரவைக்குத் தேர்வான 234 பேரில் பெண்கள் 12. ஆண்கள் கேட்கக் கூடாது என்றில்லை, கேட்கலாம்தான். பத்து மணி நேரம் நின்று வீங்கிய காலோடு வீட்டுக்கு வந்தவர் யாராவது அங்கே இருந்தால் இந்தக் கேள்விக்கு இவ்வளவு காத்திருக்க வேண்டியிருக்காது என்று தோன்றுகிறது, அவ்வளவுதான்.

மனசு கேட்காமல் இதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி, பேரவையில் கேட்கச் சொல்லி எங்கள் எம்எல்ஏ அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். அங்கிருந்த உதவியாளர் நல்ல மனிதர், முழுசாகப் படித்தார். அப்புறம் நிமிர்ந்து, "எந்தக் கடைன்னு சொல்லுங்க, போன் போட்டுப் பேசிடலாம்" என்றார்.

"ஒரு கடை இல்ல சார்" என்றேன்.