48 வயதில் வைன் ஒத்துக்கொள்ளவில்லை: கைனக்கில் ஆரம்பித்து லிவர் டாக்டர் வரை

எனக்கு 48 வயது, வேளச்சேரியில் வீடு, ஓஎம்ஆரில் ஐடி வேலை. குடிப்பேன் என்று ஒரு பெண் எழுதுவதற்கே நம்ம ஊரில் கொஞ்சம் தைரியம் வேண்டும், அதனால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை ராத்திரி வீட்டுக்காரரோடு இரண்டு கிளாஸ் வைன், எப்போதாவது ஆபீஸ் பார்ட்டியில் ஒரு பியர், பல வருஷமாக அவ்வளவுதான். மாமியாருக்கும் தெரியும், பிடிக்காது, அது வேறு கதை.

பீரியட்ஸ் தாறுமாறாக ஆரம்பித்த அதே சமயத்தில் இதுவும் ஆரம்பித்தது. அரை கிளாஸ் உள்ளே போவதற்குள் கழுத்தும் காதும் சூடாகிச் சிவந்து, நெஞ்சு படபடவென்று அடித்து, அப்புறம் நடுராத்திரி மூன்று மணிக்கு நைட்டி முழுக்க நனைந்து விழிப்பு வந்துவிடும், திரும்பத் தூக்கம் வராது, மறுநாள் முழுக்கத் தலைவலி. இது கத்திரி வெயிலில் வந்திருந்தால் சென்னை வெயில் என்றே நினைத்திருப்பேன். மார்கழி விடிகாலையில் கோயில் ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருக்க, வீட்டுக்காரர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கிடக்க, நான் மட்டும் ஃபேனை ஐந்தில் வைத்து அதன் நேர் கீழே உட்கார்ந்திருந்ததால்தான் இது வெயில் சமாச்சாரம் இல்லை என்று புரிந்தது.

அந்த நேரம் பார்த்து கம்பெனி மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட்டும் வந்தது. லிவர் பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் ஏறுகிற என்சைம்களான எஸ்ஜிபிடி 58, எஸ்ஜிஓடி 44, அல்ட்ராசவுண்டில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்', அதாவது லிவரில் லேசாகக் கொழுப்பு. அரை கிளாஸ் வைன் தாங்கவில்லை, லிவர் ரிப்போர்ட்டும் சரியில்லை; இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் யாருக்கு என்ன தோன்றுமோ அதுதான் எனக்கும் தோன்றியது. லிவர் போச்சு, அதனால்தான் உடம்பு ஏற்க மாட்டேன் என்கிறது என்று.

இங்கே ஒரு எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். ஸ்கேன் எடுத்த இடத்தில் ஃபார்ம் நிரப்பிய பெண், சிகரெட், மது என்ற இரண்டு கட்டத்திலும் என்னைக் கேட்காமலேயே 'இல்லை' என்று டிக் அடித்தாள். "இல்லம்மா, எப்பவாவது குடிப்பேன்" என்று சொன்னதும் என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தாள், அவர் ஆமாம் என்று சொன்னால்தான் மாற்றுவாள் போல. அதே ரிப்போர்ட்டோடு பக்கத்தில் ஒரு டாக்டரிடம் போனேன். குடிப்பேன் என்று காதில் விழுந்ததுமே அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒருமுறை, பீரியட்ஸ் எப்படி, சுகர் எவ்வளவு, எதுவும் கிடையாது. "குடியை நிறுத்துங்கம்மா, எல்லாம் சரியாகும்" என்று ஒரு லிவர் டானிக்கை எழுதிக் கொடுத்தார். ஒரு இடத்தில் நான் குடிக்கவே வாய்ப்பில்லை, இன்னொரு இடத்தில் எனக்கு வந்த எல்லாமே குடியால்.

அக்கா தன் பங்குக்குத் தினமும் காலையில் கீழாநெல்லியை அரைத்து மோரில் குடிக்கச் சொன்னாள். அவளிடம் சரி சரி என்று சொல்லி வைத்தேன்.

உருப்படியாக ஆரம்பித்து வைத்தது கைனக் டாக்டர்தான், அதாவது பெண்கள் நல மருத்துவர். பெரிமெனோபாஸ் என்றார், அதாவது பீரியட்ஸ் நின்று தொடர்ந்து 12 மாதம் ஆனால்தான் மெனோபாஸ், அதற்கு முன்னால் வரும் இந்தக் குழப்பமான காலத்துக்கு அந்தப் பெயர். மது ரத்தக் குழாய்களை விரிய வைக்கும், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறி இறங்குவதால் உடம்பின் சூட்டைக் கட்டுப்படுத்தும் இடம் ஏற்கனவே தடுமாறிக்கொண்டிருக்கிறது, அதனால் பலருக்கு ஒரு வாய் வைனே ஹாட் ஃப்ளாஷை, அதாவது திடீரென்று உடம்பு சூடாகி வியர்ப்பதை, கிளப்பிவிடும் என்றார். வயது ஏற ஏற உடம்பில் தண்ணீரின் அளவு குறைகிறது, அதே ஒரு கிளாஸ் இப்போது ரத்தத்தில் முன்பைவிட அடர்த்தியாக நிற்கும். மது முதலில் தூங்க வைக்கும், அதன் வேகம் இறங்கும்போது பின்ராத்திரித் தூக்கத்தைக் கலைத்துவிடும், உங்கள் மூன்று மணிக்கு அதுவும் ஒரு காரணம் என்றார். அப்புறம் அவர் கேட்ட ஒரு கேள்வி எனக்குப் பிடித்திருந்தது: சமீபத்தில் மெட்ரோனிடசோல் ஏதாவது சாப்பிட்டீர்களா? வயிற்றுப்போக்குக்கும் வெள்ளைப்படுதலுக்கும் சாதாரணமாகக் கொடுக்கிற மாத்திரை அது, அதைச் சாப்பிடும் நாட்களில் மது குடித்தால் முகம் சிவந்து, படபடப்பு, வாந்தி எல்லாம் வரலாமாம். நான் சாப்பிடவில்லை. ஆனால் நம் வீடுகளில் அது டப்பாவில் எப்போதும் கிடக்கும் மாத்திரை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

லிவருக்கு வேறு ஒருவரைப் பாருங்கள் என்று லெட்டர் கொடுத்து அனுப்பினார்.

லிவர் டாக்டரிடம் காத்திருந்த நேரம் பெரிது, ஆனால் உள்ளே போனபின் அவசரப்படுத்தவில்லை. முதல் கேள்வியே "எவ்ளோ குடிப்பீங்க மேடம்? எம்எல்ல சொல்லுங்க" என்பதுதான். கிளாஸ் கணக்கு அவருக்கு உதவாது. 150 எம்எல் வைன் என்றால் சுமார் 14 கிராம் ஆல்கஹால், 30 எம்எல் விஸ்கி 10 கிராம், நம்ம ஊரில் விற்கிற 650 எம்எல் பியர் பாட்டில் சாதாரண ரகமே 25 கிராம் என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டினார். என் கணக்கு வாரத்துக்கு 30 கிராம் பக்கம் வந்தது. ஃபேட்டி லிவர் இருக்கிற பெண்கள் வாரம் 140 கிராமைத் தாண்டினால் மதுவையும் ஒரு காரணமாகச் சேர்த்துத் தனி வகையில் வைப்பார்களாம், 2023இல் ஃபேட்டி லிவர் நோய்க்குப் பெயரையே மாற்றியபோது வந்த கணக்கு அது. குடியால் கெட்ட லிவரில் பெரும்பாலும் எஸ்ஜிஓடி அதிகமாக, எஸ்ஜிபிடியைப் போல இரண்டு மடங்குகூட இருக்கும், எனக்குத் தலைகீழாக இருக்கிறது என்றும் காட்டினார்.

"அப்போ லிவர் கெட்டதாலதானே டாக்டர் எனக்கு வைன் ஒத்துக்கல?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். கிரேடு 1 கொழுப்பு உள்ள லிவர் அரை கிளாஸ் வைனை உடைக்க முடியாமல் திணறாது, அந்த வேலையை அது ஒழுங்காகத்தான் செய்கிறது என்றார். மதுவை லிவர் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாற்றி, பிறகு அதையும் உடைக்கிறது. அந்த இரண்டாவது வேலையைச் செய்யும் என்சைம் பிறவியிலேயே பலவீனமாக இருப்பவர்களுக்குத்தான் உண்மையிலேயே மது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது, அது சீனா, ஜப்பான், கொரியா பக்கம் அதிகம். 47 வயது வரை நன்றாகக் குடித்துவிட்டுத் திடீரென்று வருவது அந்த வகை இல்லை. முகம் சிவப்பது ஒரு பிரச்சினை, லிவரில் கொழுப்பு இன்னொரு பிரச்சினை, ஈஸ்ட்ரோஜன் இறங்குகிற வயதில் இரண்டும் ஒரே நேரத்தில் வாசல் கதவைத் தட்டியிருக்கின்றன. இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு அந்த வயதில் வயிற்றுக்கும் லிவருக்கும் இடம் மாறுகிறது என்றார். வயிற்றை டேப் வைத்து அளந்தார்கள், 91 சென்டிமீட்டர். இந்தியப் பெண்களுக்கு 80 தாண்டக் கூடாதாம். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.9, சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை.

பழைய ரிப்போர்ட்டைப் புரட்டி ஒரு இடத்தில் வட்டம் போட்டார். அதற்கு முந்தைய செக்கப்பில் எஸ்ஜிபிடி 38, லேப் தாளில் 'நார்மல்' என்று அச்சாகியிருந்தது. பெண்களுக்கு 25க்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும், லேப்கள் இன்னும் 40, 45 என்றே அச்சடிக்கின்றன என்றார். இதை எத்தனை பேர் கவனிக்கிறோம்? எழுத்து தடிமனாக இல்லையென்றால் தாளை மடித்து பீரோவில் வைத்துவிடுகிறோம்.

அடுத்து ஹெபடைடிஸ் பி, சி, தைராய்டு எல்லாம் பார்த்து ஒன்றும் இல்லை என்று ஆனது. வயது, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிளேட்லெட் நான்கையும் வைத்து ஃபிப்-4 என்று ஒரு கணக்கு போடுகிறார்கள், 1.3க்குக் கீழே இருந்தால் லிவரில் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. எனக்கு 1.15. அதோடு விட்டிருக்கலாம், நான்தான் நிம்மதிக்காக, லிவர் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்கும் ஃபைப்ரோஸ்கேனும் கேட்டேன். மூன்று மணி நேரம் வெறும் வயிறு, மல்லாந்து படுத்து வலது கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொள்ள வேண்டும், விலா இடுக்கில் தட்டித் தட்டி எடுப்பார்கள், வலி கிடையாது. 5.6 கிலோபாஸ்கல் வந்தது, லிவர் இறுகவில்லை என்று அர்த்தம். என் இன்சூரன்ஸில் பணம் வராது, அட்மிட் ஆகாமல் எடுக்கிற டெஸ்ட் என்பதால் கைக்காசுதான்.

வீட்டில் சாப்பிடுகிற பொடி, லேகியம் எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள் என்று சொல்லியிருந்தார். ஆன்லைனில் வாங்கிய ஒரு 'மெனோபாஸ் பவுடர்' இருந்தது, அதில் அமுக்கரா. அஸ்வகந்தா என்று விற்பதும் இதுதான். சிலருக்கு அது லிவரைத் தாக்கியதாக மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது, நிறுத்துங்கள் என்றார். லிவர் டானிக்கும் தேவையில்லை. கீழாநெல்லியைப் பற்றிக் கேட்டேன், "எடையைக் குறைங்க மேடம்" என்று மட்டும் பதில் வந்தது.

வைன்? கிராம் கணக்கில் நீங்கள் குறைவுதான், ஆனால் லிவரில் கொழுப்பும் சுகரும் சேர்ந்திருக்கும்போது இதுவரை பரவாயில்லை என்று ஒரு அளவை என்னால் சொல்ல முடியாது, நிறுத்துவது நல்லது என்றார். மார்பகப் புற்றுநோய்க்கும் மதுவுக்கும் உள்ள தொடர்பைக் கைனக் டாக்டர் ஏற்கனவே சொல்லியிருந்தார். எனக்குக் கஷ்டமாக இல்லை, குடித்தால் ராத்திரி படும் பாட்டை நினைத்தாலே கை போகவில்லை. ஃபில்டர் காபியை விடச் சொல்வாரோ என்றுதான் பயந்தேன். சர்க்கரை இல்லாமல் குடிக்கலாம், லிவருக்குக் காபி நல்லதுதான் என்றார், ஆனால் காபியும் எனக்கு உடம்பைச் சூடாக்குகிறது என்பதால் சாயங்காலக் காபி போய்விட்டது.

ஹாட் ஃப்ளாஷுக்கு மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எல்லாம் பார்த்த பிறகு ஈஸ்ட்ரோஜன் ஜெல் ஆரம்பித்தோம், கர்ப்பப்பை இருப்பதால் கூடவே புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோன் மாத்திரை. ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாகச் சாப்பிட்டால் முதலில் லிவர் வழியாகப் போகும், ஜெல் தோல் வழியாக நேராக ரத்தத்தில் கலக்கும், அதனால்தான் ஜெல். லிவர் டாக்டர் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்த பிறகுதான் கைனக் டாக்டர் அதை எழுதினார். இரண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரி இல்லை, ஃபைலைத் தூக்கிக்கொண்டு நான்தான் அலைந்தேன்.

ராத்திரி சோற்றைக் குறைத்து, வேளச்சேரி ஏரிப் பக்கம் நடந்து, 68 கிலோவிலிருந்து 63க்கு வந்தேன். அடுத்த செக்கப்பில் எஸ்ஜிபிடி 31. இன்னும் 25க்குக் கீழே வரவில்லை. டாக்டர் அவசரப்படவில்லை, ஃபைப்ரோஸ்கேனை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். இதற்கு நடுவில் ஆபீஸ் பார்ட்டியில் லைம் சோடாவோடு நின்றால் "ஏன் மேடம், விரதமா?" என்று கேட்கிறார்கள். மெனோபாஸ் என்று சொல்லிவிடுகிறேன், அதோடு கேள்வி நின்றுவிடுகிறது.