பெயர் தெரியாமல் மிதந்த செடி

அல்லி வைத்த தொட்டியில் நான் போடாத செடி ஒன்று மிதக்க ஆரம்பித்தது. விரல் நகம் அளவு வட்ட இலைகள், ஜோடி ஜோடியாக. முதல் வேலையாக எல்லாவற்றையும் அள்ளித் தனி வாளியில் போட்டேன், ஏனென்றால் என்னவென்றே தெரியாத ஒன்றை மீன் இருக்கும் தண்ணீரில் வளரவிட்டு ஆராய்ச்சி செய்வது சரிப்படாது.

போன் செயலியில் படம் காட்டினால் ஒரு தடவை அசோலா என்றது, இன்னொரு தடவை ஆகாயத்தாமரை. செயலியைச் சொல்லியும் குற்றமில்லை, மேலே இருந்து பார்த்தால் மிதக்கிற செடி எல்லாமே பச்சை வட்டம்தான். எடுத்துத் திருப்பிப் பார்த்ததும்தான் விஷயம் பிடிபட்டது. அசோலா இலை பொடிப்பொடியாகச் செதில் செதிலாக இருக்கும், இது அப்படியில்லை. ஆகாயத்தாமரைக்குத் தண்டே தெரியாது, நடுவிலிருந்து அடுக்கடுக்காக விரியும். ஃபிராக்பிட் என்ற மிதக்கும் செடி என்றால் மேலே வழவழவென்று இருந்து அடியில் பஞ்சாகப் புடைத்திருக்க வேண்டும். இதிலோ தண்ணீரோடு படுத்துக்கிடக்கும் தண்டு, ஒவ்வொரு கணுவிலும் மிதக்கும் இலை இரண்டு, கீழே பழுப்பாகக் கொத்துக் கொத்தாகத் தொங்கும் இழைகள். வேர் என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் அதுதான் மூன்றாவது இலை, இந்தச் செடிக்கு வேரே கிடையாது! ஆக, சால்வீனியா. பெரணி வகை, பூக்காது.

அப்புறம் எந்த சால்வீனியா என்ற கேள்வி. லென்ஸ் வைத்து இலையின் மேல்புறத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு சிறு மேட்டின் உச்சியிலும் நான்கு மயிரிழைகள் பிரிந்து வளைந்து, நுனியில் மறுபடி ஒன்றாகச் சேர்கின்றன, முட்டை அடிக்கும் கம்பி மாதிரியே. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் ஒட்டாமல் உருண்டு ஓடுகிறது. நுனி சேராமல் விரிந்திருந்தால் சால்வீனியா மினிமா, சேர்ந்திருந்ததாலும் போகப்போக இலை பெருத்த விதத்தாலும் இது மொலஸ்டா. இதைத் தனி இனமென்று பிரித்துப் பெயர் வைத்ததே 1972இல்தான், அதுவரை தாவரவியலாளர்களே இதை இன்னொரு சால்வீனியாவோடு சேர்த்துத்தான் எண்ணினார்கள். போதாக்குறைக்கு இது நெருக்கத்துக்கேற்ப உருவம் மாறும்: இடம் தாராளமாக இருந்தால் சின்னத் தட்டை இலை, நெருக்கம் கூடினால் இலை பெருத்து நடுவில் மடிந்து நிமிர்ந்துவிடும். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தால் ஒரே செடி என்று நம்ப முடியாது.

வளர்க்கலாமா என்று விசாரித்துவிட்டுத்தான் வைத்துக்கொண்டேன், அதுவும் வெளியே வழியில்லாத தனித் தொட்டியில். பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. அசையாத தண்ணீர், நல்ல வெளிச்சம் போதும். சத்து குறைந்தால் இலை மஞ்சளாகும், மீன் தொட்டியில் மாற்றும் பழைய தண்ணீரை ஊற்றினால் தேறிவிடும். மேலிருந்து ஓயாமல் தண்ணீர் தெறித்தால் மட்டும் இலை அழுகும். உண்மையான வேலை அள்ளுவதுதான். சூடும் சத்தும் இருந்தால் ஒரு வாரத்துக்குள்ளேயே இரட்டிப்பாகும், முழுதாக மூடவிட்டால் கீழே இருக்கும் தண்ணீருக்கு வெளிச்சமும் போகாது, ஆக்ஸிஜனும் குறையும். பாதி மேற்பரப்பாவது திறந்திருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன்.

அள்ளியதை வெயிலில் மொறுமொறுவென்று காயவிட்டுத்தான் உரக்குழியில் போடுவேன், மொட்டுள்ள ஒரு துண்டு ஈரத்தோடு கால்வாய்க்குப் போனாலும் போதும், அங்கே முளைத்துவிடும். யார் கேட்டாலும் கொடுப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் இதைத் தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டது, வேறு பல நாடுகளிலும் வைத்திருப்பதே குற்றம். உங்கள் தொட்டியில் நுனி சேர்ந்த மயிரிழை தெரிந்தால், முதலில் உங்கள் ஊர் விதியைப் பாருங்கள்.