செயற்கைக் கால்: சாக்ஸ் கணக்கு தெரிந்தால் பாதி நிம்மதி

முழங்காலுக்குக் கீழே கால் எடுத்த பிறகு பார்க்கிறவர்கள் எல்லாரும் எந்தப் பாதம், எவ்வளவு செலவு என்றுதான் விசாரிக்கிறார்கள். மாட்டிக்கொண்டு நடக்கிறவனுக்கு சாக்கெட், அதாவது மிச்சமிருக்கும் காலை உள்ளே நுழைக்கிற கூடு, சரியாக உட்கார்ந்தால்தான் அன்றைய பொழுது ஓடும்.

புண் ஆறியதும் கால் கொடுத்துவிட மாட்டார்கள். ஸ்டம்ப் (எடுத்தது போக மிச்சமிருக்கும் கால்) வீக்கம் வற்ற கிரேப் பேண்டேஜ் சுற்ற வேண்டும், நுனியில் இறுக்கமாக, மேலே போகப்போகத் தளர்வாக. இதமாக இருக்கிறதே என்று முட்டிக்கு அடியில் தலையணை வைக்கவே கூடாது, மூட்டு மடங்கியபடியே இறுகிவிட்டால் அப்புறம் நீட்டுவது பெரும்பாடு. இதைச் சொன்னது பிசியோதெரபி அக்காதான், டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி இல்லை.

அளவெடுத்து, ட்ரையல் பார்த்து வந்த முதல் சாக்கெட் சில மாதத்திலேயே லொடலொடத்தது. பயப்பட ஒன்றுமில்லை, முதல் ஒரு வருஷம், சிலருக்கு அதற்கு மேலும், ஸ்டம்ப் சுருங்கிக்கொண்டேதான் இருக்கும், புது சாக்கெட் செய்ய வேண்டிவரும். ஒரே நாளிலேயே கூட மாறும்: காலையில் கச்சிதமாக இருந்தது மதியம் தளர்ந்து, முட்டிச் சில்லின் கீழ்நுனி சாக்கெட் விளிம்பில் இடிக்கும், அப்படியென்றால் ஸ்டம்ப் அளவுக்கு மேல் உள்ளே இறங்கிவிட்டது, இடைவெளி நிரம்ப ஸ்டம்ப்மேல் இன்னொரு சாக்ஸ் ஏற்றுங்கள். என் பையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் எப்போதும் ஸ்டம்ப் சாக்ஸ் இருக்கும். சித்திரை வெயிலில் வியர்வை வழுக்கும்போது ஆபீஸிலேயே கழற்றித் துடைக்கிறேன், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

நான் போட்டிருப்பது ஜெய்ப்பூர் கால். கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் டாக்டர் பி.கே. சேத்தியும் 1968-ல் உருவாக்கிய ரப்பர் பாதம், வெறுங்காலோடு நடக்கலாம், சம்மணம் போடலாம். பல பாதங்களை ஷூவின் குதி உயரத்துக்கு ஏற்றபடி பொருத்தியிருப்பார்கள், கோயில் வாசலில் ஷூவைக் கழற்றினால் உடம்பு பின்னால் சாயும். நம் ஊரில் வீட்டுக்குள்ளேயே யார் ஷூ போடுகிறார்கள்?

ராத்திரி கழற்றியதும் கண்ணாடி வைத்து ஸ்டம்பின் அடியைப் பாருங்கள். சிவந்த இடம் கொஞ்ச நேரத்தில் மறையாவிட்டால் சாக்கெட் அங்கே அழுத்துகிறது, செய்து கொடுத்தவரிடம் காட்டுங்கள். ஊன்றுகோலைக் கை எட்டும் தூரத்தில் கட்டிலிலேயே சாத்தி வையுங்கள், தூக்கக் கலக்கத்தில் ரெண்டு காலும் இருக்கிற நினைப்பில் எழுந்து விழுகிறவர்கள் நிறைய.