ஐந்து பழைய கணினிகளும் ஒரு லீடரும்

பல கணினிகள் வலையமைப்பில் சேர்ந்து வேலை செய்யும் பரவல் கணினித் தொகுதிகளில் ஆய்வு செய்யப் போகிறேன் என்றதும் மேற்பார்வையாளர் கேட்டது ஒன்றுதான்: "எதை அளக்கப் போறீங்க?" வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் எனக்கு அது இறுதி வருடம். பிளாக்செயின், கிளவுட் என்று நான் கொண்டுபோன தலைப்பெல்லாம் அந்தக் கேள்வியோடு கழன்றுவிட்டன. மிஞ்சியது சின்ன விஷயம்: ராஃப்ட் முறையில் ஓடும் ஐந்து கணினிகளில் லீடர் விழுந்தால், மறுபடி வேலை தொடங்க எவ்வளவு நேரம் பிடிக்கும்?

ராஃப்ட், பல கணினிகள் ஒரே தரவை ஒரே மாதிரி வைத்திருக்க ஒங்காரோவும் ஊஸ்டர்ஹவுட்டும் 2014இல் வெளியிட்ட முறை. அதில் ஒரு கணினி லீடராக நின்று, எழுத வருகிற தரவை வாங்கி மற்றவற்றுக்கு அனுப்பும். லீடரிடமிருந்து சத்தம் வராவிட்டால் மற்றவை கொஞ்ச நேரம் பொறுத்து, பிறகு தேர்தலில் நிற்கும். ஐந்தில் மூன்று வாக்கு போதும். பொறுக்கும் நேரம் எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பி வாக்குகள் சிதறிவிடும். அவர்களுடைய சோதனையில் அப்படி வைத்தபோது தேர்தல் 10 செக்கனுக்கு மேல் இழுத்தது. வெறும் 5 மில்லிசெக்கன் வித்தியாசம் கலந்ததும் தடங்கல் நேரத்தின் இடைநிலை அளவு (மீடியன்) 287 மில்லிசெக்கனாக இறங்கியது. இதைப் பழைய ஹார்ட் டிஸ்க் கணினிகளில் செய்து பார்ப்பதுதான் என் திட்டம். வாக்குப் போடுமுன் அதை டிஸ்க்கில் எழுதியே ஆகவேண்டும் என்பதால் மெதுவான டிஸ்க் தேர்தலையும் தாமதிக்கும்.

சரி, கணினிகளைப் பூட்டி ஓடவிடுவது பெரிய வேலையில்லை. அளப்பதுதான் தலைவலி. ஐந்து கணினிகளின் லொக்கையும் (நடந்ததை நேரத்தோடு பதியும் கோப்பு) சேர்த்துப் பார்த்தால், வாக்குக் கேட்பதற்கு முன்பே வாக்குப் போட்டதாக இருக்கிறது! ஒவ்வொன்றின் கடிகாரமும் ஒவ்வொரு பக்கம். நேரத்தை ஒத்திசைத்தாலும் சில மில்லிசெக்கன் இடிக்கும். நான் அளப்பதோ மில்லிசெக்கனில். கடிகாரத்தை நம்பாமல் நிகழ்வுகளை வரிசைப்படுத்துவது பற்றி லாம்போர்ட் 1978இல் எழுதிய கட்டுரையை அப்போதுதான் ஒழுங்காக உட்கார்ந்து வாசித்தேன். இந்தத் துறைக்கு வருகிறவர்கள் அதிலிருந்து தொடங்கலாம். ராஃப்டுக்கு முந்திய, அதே வேலையைச் செய்யும் பேக்ஸோஸ் முறையை ஆறுதலாகப் பார்க்கலாம். கடைசியில் ஆறாவதாக ஒரு கணினியை வைத்து, அதிலிருந்து விடாமல் தரவு எழுத வைத்தேன். எழுத்து நின்ற கணத்துக்கும் திரும்பத் தொடங்கிய கணத்துக்கும் இடைவெளிதான் விடை. ஒரே கடிகாரம், வில்லங்கமில்லை.

லீடரை எப்படி விழுத்துகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். புரோகிராமை மட்டும் நிறுத்தினால் இணைப்பு உடனே அறுந்து ஆறாவது கணினிக்குத் தெரிந்துவிடும். கேபிளைப் பிடுங்கினால் ஒரு தகவலும் வராது; அது தன் பாட்டில் காத்துக்கொண்டிருக்கும். பழைய லீடரும் தான்தான் லீடர் என்று நினைத்துக்கொண்டிருக்கும், பெரும்பான்மை இல்லாததால் எதையும் உறுதிசெய்ய மட்டும் முடியாது. இரண்டு முடிவுகளையும் ஒரே வரைபில் போடவே கூடாது.

இலங்கையின் 2022 மின்வெட்டு மூன்றாவது வகைப் பரிசோதனையை இலவசமாகத் தந்தது. கரண்ட் போனால் ஐந்தும் ஒன்றாகப் படுக்கும். அந்த நேரம் ராஃப்டால் ஒன்றும் செய்ய ஏலாது. ஆனால் கரண்ட் வந்ததும் டிஸ்க்கில் இருந்ததை வாசித்து, லீடரைத் தெரிவுசெய்து, உறுதியான தரவு ஒன்றும் தொலையாமல் எழும்பின. மேற்பார்வையாளருக்கு அந்தப் பகுதிதான் மிகவும் பிடித்தது.

வைவாவில் (வாய்மொழித் தேர்வு) சராசரியைக் காட்டியதும், அளவுகள் எவ்வளவு சிதறியிருந்தன என்று கேட்டார்கள். மூல லொக்குகளை அழிக்காமல் வைத்திருந்ததால் சமாளித்தேன். அடுத்த கேள்வி, நான்கு கணினி என்றால் எத்தனை விழலாம்? ஒன்றுதான். பெரும்பான்மைக்கு மூன்று வேண்டும், ஆகவே மூன்று கணினி தாங்குவதைத்தான் நான்கும் தாங்கும்.