அம்மாயி கழுத்தில் ஒரு அட்லஸ்

சின்ன வயதில் அட்லஸ் என்றால் எனக்கு அந்தப் பேர் போட்ட பள்ளிக்கூடக் கொப்பி. வருஷத் தொடக்கத்தில் அப்பா ஹட்டனில் வாங்கி வருவார். அப்புறம் புவியியல் சார் கக்கத்தில் இடுக்கி வந்த உலகப்படப் புத்தகம். மூன்றாவது அட்லஸைப் போன மாதம் அம்மாயியின் எக்ஸ்ரேயில் பார்த்தேன்.

பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் 38 வருஷம் கொழுந்து எடுத்தவர் அம்மாயி. கூடைக் கயிறு தலையில்தான் தொங்கும். கொழுந்தை நிறுக்கும்போது ஈரம் என்று சொல்லிச் சில கிலோவை வெட்டிவிடுவார்கள். மண்டையோட்டுக்கு நேர் கீழே வளையம் மாதிரி இருந்த எலும்பைத் தொட்டுக்காட்டி, "இது அட்லஸ். இதுக்கு ஒன்னுமில்ல. தேஞ்சது கீழே, அஞ்சும் ஆறும்" என்றார் டாக்டர். கழுத்தெலும்பு ஏழில் முதலாவது அது. நாம் "ஆமாங்க" என்று தலையாட்டுவது அதன் மேல்தான். தோட்டத்தில் அதற்கு நிறைய வேலை.

வீட்டுக்கு வந்து அந்தப் பேரைத் தேடிப் படித்தேன். கிரேக்கப் புராணத்தில், ஸியூஸ் என்ற கடவுளோடு சண்டை போட்டுத் தோற்ற டைட்டன்கள் என்ற பழைய தெய்வங்களில் ஒருவன் அட்லஸ். உலகத்தின் மேற்குக் கோடியில் நின்று வானத்தைத் தாங்க வேண்டும், அதுதான் தண்டனை. வானத்தை, பூமியை அல்ல. நேப்பிள்ஸில் இருக்கும் பழைய பளிங்குச் சிலையில் அவன் தோளிலுள்ள உருண்டை முழுக்க நட்சத்திரக் கூட்டங்கள். அதைப் பூமி என்று நினைத்துத்தான் பலரும் ஏமாந்திருக்கிறார்கள், நானும்.

உலகப்படப் புத்தகத்துக்கு இந்தப் பேர் வைத்தவர், படம் வரைந்த மெர்காடோர். புத்தகம் 1595இல், அவர் செத்த மறு வருஷம் வந்தது. அவர் மனதில் இருந்தது இந்த டைட்டன்கூட இல்லை, அதே பேரில் வானசாஸ்திரம் தெரிந்த ஒரு ராஜாவாம். அட்லாண்டிக் கடலுக்கும் இந்தப் பேர்தான் மூலம்.

பேருக்கு வேர், கிரேக்கத்தில் தாங்குவதையும் சகிப்பதையும் சேர்த்துச் சொல்லும் ஒரு சொல் என்பார்கள். வட ஆபிரிக்கப் பேச்சிலிருந்து வந்தது என்போரும் உண்டு. எனக்கு முதலாவதுதான் பிடித்திருக்கிறது. நம்மிடம் 'பொறு' இருக்கிறதே! பாரத்தையும் பொறுப்போம், ஏச்சையும் பொறுப்போம். இரண்டுக்கும் ஒரே சொல்.

ராத்திரி அம்மாயிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே கதையைச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டவர், கடைசியில் ஒன்று கேட்டார்:

"வானத்த தராசுல நிறுத்தாங்களா? ஈரம்னு சொல்லி எத்தன கிலோ வெட்டுனாங்க அவனுக்கு?"