சாட்சிக் கூண்டில் 'சுமார்' வேண்டாம்

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டடங்களுக்கு 9 மீட்டர் உச்சவரம்பு வைத்து 1997-ல் அரசாணை வந்தது. அதை மீறியதாக நோட்டீஸ் போகிறது. கட்டடக்காரர் முன்சீப் கோர்ட்டில் தடை கேட்டுத் தாவா போடுகிறார். வருடங்கள் கழித்து மாநகராட்சித் தரப்பில் பி.சா.1 (முதல் பிரதிவாதி சாட்சி) ஆகக் கூண்டேறும் நகரமைப்பு ஆய்வாளர், "கட்டடம் சுமார் 30 அடி உயரம் இருந்தது" என்கிறார். வழக்கு அந்த இடத்திலேயே ஆட்டம் கண்டுவிடும். 9 மீட்டர் என்றால் 29 அடி 6 அங்குலம் சொச்சம். 30 அடி என்றால் 9.14 மீட்டர். நாம் மீறல் என்று சொல்வதே 14 சென்டிமீட்டர்தான். 'சுமார்' அதை அப்படியே விழுங்கிவிடும்.

குறுக்கு விசாரணைக்கான தயாரிப்பு அளக்கப் போகும் நாளிலேயே தொடங்குகிறது. அனுமதி வரைபடம் மீட்டரில் இருந்தால் குறிப்பும் மீட்டரில் இருக்கட்டும். அடியில் அளந்து ஆபீசில் வந்து மாற்றி எழுதும்போதுதான் தப்பு நுழைகிறது. துணி டேப் இழுத்தால் நீளும், காற்றில் வளையும். ஸ்டீல் டேப் அல்லது லேசர் மீட்டர் எடுத்துப் போங்கள், கருவியின் பெயரையும் எண்ணையும் எழுதுங்கள். குறைந்தது இரண்டு மூலைகளில் அளந்து இரண்டு அளவையும் பதியுங்கள். எங்கிருந்து எதுவரை அளந்தீர்கள் என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். பழைய தெருக்களில் தார் மேல் தார் போட்டு ரோடு உயர்ந்து, வீட்டு வாசல் பள்ளத்தில் கிடக்கும். ரோட்டிலிருந்து அளந்தால் ஒன்று, வாசல் தரையிலிருந்து அளந்தால் இன்னொன்று. ஒரு அடி வித்தியாசம்கூட வரும். விதி எந்த மட்டத்தைச் சொல்கிறதோ அதிலிருந்து அளந்து, "வடகிழக்கு மூலை, தெருமட்டத்திலிருந்து மேல்தளக் கான்கிரீட் வரை" என்று எழுதினால் வக்கீலுக்குப் பிடி கிடைக்காது. மாடிப்படி அறை, தண்ணீர்த் தொட்டி, கைப்பிடிச் சுவர் ஆகியவற்றின் உயரத்தைத் தனித்தனியாகக் குறியுங்கள். அதையெல்லாம் சேர்த்துத்தான் 9-ஐத் தாண்டியது என்று நிச்சயம் கேட்பார்கள்.

நோட்டீஸ் கொடுத்த விதத்திலும் இதே கதைதான். "வாங்க மறுத்ததால் ஒட்டப்பட்டது" என்ற ஒற்றை வரி போதாது. யார் மறுத்தார், எத்தனை மணிக்கு, எந்தக் கதவில் ஒட்டினோம், பக்கத்தில் இருந்த இரண்டு பேர் யார் என்பதெல்லாம் வேண்டும். கதவு எண் தெரிகிற மாதிரி போட்டோ ஒன்று.

போட்டோவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், பெரும்பாலான கோப்புகள் இங்கேதான் சறுக்குகின்றன. போனில் எடுத்து, வாட்ஸ்அப்பில் மேலதிகாரிக்கு அனுப்பி, அவர் அனுப்பியதைப் பிரிண்ட் போட்டுக் கோப்பில் ஒட்டிவிடுவார்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது எடுத்த தேதி, இடம் பற்றிய உள்விவரம் போய்விடும்; கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை மாதிரியான எண்) மாறிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுப்படி, மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்யச் சான்றிதழ் வேண்டும். அதில் கருவியைப் பொறுப்பில் வைத்திருந்தவருக்கு ஒரு பகுதி, நிபுணருக்கு ஒரு பகுதி, ஹாஷ் மதிப்பும் உண்டு. பழைய இந்திய சாட்சியச் சட்டத்தின் 65-பி பிரிவுச் சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் சொன்ன பிறகும் இதை அலட்சியம் செய்வது என்ன நியாயமோ! ஆய்வு நடந்த அன்றே மூலப் படத்தைக் கேபிளில் இறக்கி டிஸ்கில் வைத்து, ஹாஷ் எடுத்து எழுதிவிட்டால் பின்னால் தொல்லை இல்லை. போன் மாறும், ஆளும் மாறுவார்.

ஆள் மாறுவது தனித் தலைவலி. அளந்தவர் திண்டுக்கல்லுக்கு மாறுதலாகியிருப்பார். புதிதாக வந்தவர் கோப்பைப் படித்துவிட்டுக் கூண்டேறுவார். முதல் கேள்வியே "நீங்கள் நேரில் பார்க்கவில்லைதானே?" என்பதுதான். மழுப்பினால் மாட்டிக்கொள்வார். "நான் அளக்கவில்லை, கோப்பிலுள்ள ஆவணங்களின்படி சாட்சியம் சொல்கிறேன்" என்பதே நேர்மையான பதில். அதைவிட, அளந்தவரையே சம்மன் அனுப்பி அழையுங்கள் என்று மாநகராட்சி வழக்கறிஞரிடம் முன்கூட்டியே சொல்வது உத்தமம்.

கூண்டில் குறிப்பைப் பார்த்து ஞாபகப்படுத்திக்கொள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 162-வது பிரிவு இடம் கொடுக்கிறது. ஆய்வு நடந்த சமயத்தில் நீங்களே எழுதியதாகவோ, வேறொருவர் எழுதி அப்போதே நீங்கள் படித்துச் சரி என்று அறிந்ததாகவோ இருக்க வேண்டும், நீதிமன்றத்தின் அனுமதி கேட்டுத்தான் புரட்ட வேண்டும். ஆனால் எதிர்த்தரப்பு கேட்டால் அதைக் காட்டியாக வேண்டும், அதன் மீது குறுக்கு விசாரணையும் உண்டு. ஓரத்தில் "கவுன்சிலர் போன் செய்தார்" என்று கிறுக்கியிருந்தால் அன்றைய கேள்வி முழுக்க அதைப் பற்றித்தான்.

நம் கோர்ட்டுகளில் சாட்சியம் பதிவாகும் நடை தெரியுமல்லவா: "நான் தாவா கட்டடத்துக்கு நேரில் போகாமல் அலுவலகத்தில் உட்கார்ந்தே அறிக்கை தயாரித்தேன் என்று சொன்னால் சரியல்ல." இந்த "சரிதான்", "சரியல்ல" இரண்டுக்குள்தான் எல்லாம் நடக்கும். பாதி உண்மையும் பாதிப் பொய்யுமாகக் கேள்வியைக் கட்டுவது பழைய வித்தை. "அனுமதி வாங்கி அதன்படியே வாதி கட்டினார், சரிதானே?" என்றால் உடைத்துச் சொல்லுங்கள்: "அனுமதி வாங்கியது சரி. அதன்படி கட்டினார் என்பது சரியல்ல." எல்லாவற்றையும் வீம்புக்கு மறுப்பதும் ஆபத்து. அளக்கும்போது வாதியின் கையெழுத்து வாங்கவில்லை என்றால் வாங்கவில்லைதான். ஒப்புக்கொண்டால் அது ஒரு குறை. மறுத்து, ஆவணத்தைக் காட்டி மடக்கப்பட்டால் மற்ற பதில்களும் சேர்ந்து கெடும்.

"அதே வீதியில் இன்னும் எத்தனையோ கட்டடங்கள் உயரமாக இருக்கின்றனவே?" என்று கேட்கும்போது பலரும் கோபப்பட்டு நீளமாக விளக்கம் சொல்லத் தொடங்குகிறார்கள். வேண்டாம். "அவற்றுக்கு நடவடிக்கை உண்டா என்பதைக் கோப்புகளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்" என்றால் போதும். அடுத்தவர் மீறியது இவர் மீறலுக்கு உரிமை ஆகாது என்ற வாதத்தை நம் வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். கோயிலுக்கு என்ன பாதிப்பு என்று கேட்டால், நீங்கள் அளந்தது உயரம் மட்டுமே என்று சொல்லி நிறுத்துங்கள். எந்த அதிகாரத்தில் நோட்டீஸ் கொடுத்தீர்கள் என்ற கேள்விக்கு மட்டும் தடுமாறக் கூடாது. 1971-ம் ஆண்டு நகர், ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளில் எதன் கீழ் கொடுத்தோம் என்பது நாக்கு நுனியில் இருக்க வேண்டும்.

கேள்வி முடிந்ததும் ஒரு மூச்சு விட்டுப் பதில் சொல்லுங்கள். நம் வழக்கறிஞர் ஆட்சேபிக்கவும், தட்டச்சு செய்பவர் எட்டிப் பிடிக்கவும் அந்த இடைவெளி வேண்டும். பதில் நீதிபதியைப் பார்த்து, கேட்கிற குரலில். முடிவில் வாக்குமூலத்தை நீட்டும்போது மத்தியானச் சாப்பாட்டு அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். "சரியல்ல" என்ற இடத்தில் "சரிதான்" என்று விழுந்திருக்கிறதா, 9.40 என்பது 9.04 ஆகியிருக்கிறதா என்று எண்களை விரல் வைத்துப் படியுங்கள். திருத்தம் இருந்தால் அங்கேயே நீதிபதியிடம் சொல்லிப் பதியச் செய்துவிட்டு, அதற்குப் பிறகு கையெழுத்து.